சிறிய ஊரில் சமகாலக் கலைக்கு ஒரு பொதுக் காட்சிக்கூடம்: தொடங்கி நடத்துவதற்கு முழுமையான வழிகாட்டி

காவிரிப் படுகையில் இருக்கும் எங்கள் ஊரில் பேருந்து நிலையம் உண்டு, நாலு கல்யாண மண்டபம் உண்டு, கிளை நூலகம் உண்டு. கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு ஊர் திரும்பிய ஓவியர்கள் ஐந்தாறு பேரும் உண்டு. அவர்கள் வரைவதை ஊர்க்காரர்கள் பார்ப்பதற்குத்தான் ஓர் இடம் இல்லை. படம் சென்னைக்குப் போகும், பெங்களூருக்குப் போகும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அது என்னவென்றே தெரியாது. இது எங்களுக்கு உறுத்தலாக இருந்ததால் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு காட்சிக்கூடம் தொடங்கினோம். அதில் தெரிந்துகொண்டதை வரிசைப்படி இங்கே எழுதுகிறேன்.

பொதுக் காட்சிக்கூடம் என்று நான் சொல்வது நுழைவுக் கட்டணம் இல்லாத, எந்த ஓவியருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் சொந்தமில்லாத இடத்தை. படம் விற்றால் சந்தோஷம், ஆனால் விற்பதற்காக அது நடக்கவில்லை. இன்று நம்மோடு வாழும் கலைஞர்கள் செய்கிற ஓவியம், சிற்பம், புகைப்படம், காணொளி, நிறுவல் (பொருள்களை ஓர் இடத்தில் அமைத்து அந்த இடத்தையே படைப்பாக்குவது) எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு.

1. கதவைத் திறக்கப்போவது யார்?

இடம் தேடுவதற்கும் பணம் திரட்டுவதற்கும் முன்னால் இந்தக் கேள்விக்கு ஆள் பெயர் சொல்லிப் பதில் வேண்டும். வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு, யார் வந்து திறந்து உட்காருவார்? சின்ன ஊரில் ஒருவர் இரண்டு தடவை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போனால் மூன்றாம் தடவை வரமாட்டார். "அது எப்பவும் பூட்டித்தான் கிடக்கும்" என்ற பேச்சு கிளம்பிவிட்டால் அதை மாற்ற ஒரு வருஷம் ஆகும். எங்களுக்கு ஆனது.

வியாழன் முதல் ஞாயிறு வரை, மாலை 4 மணி முதல் 8 மணி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெயிலில் யாரும் வரமாட்டார்கள். மாலையில் கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் வருகிறவர்கள் அப்படியே உள்ளே நுழைவார்கள். மாதத்துக்கு 17 மாலைகள் வரும். 8 பேர் கிடைத்தால் ஆளுக்கு ஏறத்தாழ இரண்டு மாலை. ஆனால் தன்னார்வலர்களை மட்டுமே நம்ப வேண்டாம். பரீட்சை வரும், கல்யாணம் வரும், அறுவடை வரும். பகுதிநேரமாக ஒருவருக்காவது சம்பளம் கொடுங்கள். பட்ஜெட்டில் கடைசியாக வெட்ட வேண்டிய செலவு அதுதான்.

எங்கள் கூடத்தில் முதலில் உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஓவியம் படித்தவர் இல்லை. வாசலில் தயங்கி நிற்பவரைப் பார்த்து "வாங்க, செருப்போடயே வரலாம், காசு கிடையாது" என்று சொல்லத் தெரிந்தவர். இந்த மூன்றும் தெரியாமல்தான் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள் என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு அதையே பெரிய எழுத்தில் வாசலில் எழுதி வைத்தோம்.

2. சங்கமாகப் பதிவு செய்யுங்கள்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது 7 பேர் இருந்தால் சங்கம் பதியலாம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். துணை விதிகளை வேறெங்கிருந்தோ நகலெடுக்காமல் உட்கார்ந்து எழுதுங்கள். மூன்று விஷயம் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்: நிர்வாகிகளின் பதவிக்காலத்துக்கு வரம்பு, கலைஞர்களைத் தேர்ந்தெடுக்கத் தனிக்குழு, சங்கம் கலைந்தால் கைவசம் உள்ள படைப்புகள் யாருக்குப் போகும் என்பது. அப்புறம் வருமான வரித் துறையில் இரண்டு பதிவுகளுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்: சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு தருவது (12ஏ என்று அறியப்பட்டது), நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தருவது (80ஜி என்று அறியப்பட்டது). நன்கொடை தருபவர் முதலில் கேட்பது அந்த வரிச்சலுகைக்கான ரசீதைத்தான்.

சங்கம் பதிய நாளாகும் என்றால் காத்திருக்க வேண்டாம். நூலகத்தின் வாசகர் வட்டத்தோடு சேர்ந்து முதல் இரண்டு கண்காட்சிகளை நடத்திவிடலாம். வேலை எவ்வளவு என்பதும் அதில் தெரிந்துவிடும்.

3. இடம்

தரைத்தளமாக இருக்கட்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நாங்கள் முதலில் வாடகை குறைவு என்று ஒரு மாடியைப் பிடித்தோம். முழங்கால் வலி உள்ளவர்கள் வரவில்லை, சக்கர நாற்காலிக்கு வழியில்லை, கல் சிற்பம் ஒன்றை ஏற்ற ஆறு பேர் தேவைப்பட்டார்கள். எட்டே மாதத்தில் கீழே இறங்கினோம்.

பழைய பாத்திரக்கடை, மூடிப்போன ஸ்டுடியோ, பயன்படாத சத்திரத்துக் கூடம், நூலகத்தின் காலி அறை எல்லாமே சரிவரும். கொச்சியில் 2012 டிசம்பர் 12 அன்று முதல் பியென்னாலே (இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி) தொடங்கியபோது, ஆஸ்பின்வால் ஹவுஸ் போன்ற பழைய வணிகக் கட்டடங்களும் சரக்குக் கிடங்குகளும்தான் காட்சிக்கூடங்களாக மாறின. புதுக் கட்டடம் கட்டினால்தான் கலைக்கு மரியாதை என்பதில்லை. அரிசி மில்லை மட்டும் நன்றாக யோசித்துப் பிடியுங்கள். பக்கத்தில் இன்னொரு மில் ஓடிக்கொண்டிருந்தால் தவிட்டுத் தூசி நிற்கவே நிற்காது.

அறையின் பரப்பைவிடச் சுவரின் நீளம்தான் கணக்கு. 20 அடிக்கு 30 அடி அறை என்றால் சுற்றுச்சுவர் 100 அடி. கதவு, ஜன்னல், சுவிட்ச் போர்டு எல்லாம் கழித்தால் 70 அடி மிஞ்சும். சராசரியாக இரண்டரை அடி அகலப் படமும், நடுவில் இரண்டடி இடைவெளியும் என்று வைத்தால் 15 படங்கள். ஒரு கலைஞரின் கண்காட்சிக்கு அது தாராளம். ஆசைப்பட்டு 40 படங்களைத் திணித்தால் ஜவுளிக்கடை போல ஆகிவிடும்.

4. சுவரும் வெளிச்சமும்

வடகிழக்குப் பருவமழைதான் நமக்குப் பெரிய சோதனை. வாடகை பேசுவதற்கு முன் ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை போய் எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று தொட்டுப் பாருங்கள். மழை அடிக்கும் வெளிச்சுவரில் காகித ஓவியத்தை மாட்டவே கூடாது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நின்றுவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி மாட்டி, தினமும் நோட்டில் குறித்து வாருங்கள். முழு நேரமும் ஏசி போடப் பணம் இல்லாவிட்டால் ஏசியே வேண்டாம். மாலை நாலு மணி நேரம் குளிர்ந்து, மீதி 20 மணி நேரம் புழுங்குவது படத்துக்கு இன்னும் கெடுதல். மின்விசிறியும், எதிரெதிர் ஜன்னல்களும் போதும்.

சுவருக்கு மங்கலான வெள்ளை எமல்ஷன் அடியுங்கள், பளபளப்பு வேண்டாம். செங்கல் சுவரில் ஒவ்வொரு கண்காட்சிக்கும் டிரில் போட்டால் இரண்டு வருஷத்தில் சல்லடையாகிவிடும். முடிந்தால் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளிச் சட்டத்தில் அடித்து, அதன்மேல் வண்ணம் பூசுங்கள். திருகாணி எங்கு வேண்டுமானாலும் ஏறும், ஓதமும் நேராகப் படத்தைத் தொடாது. பிளைவுட்டுக்குக் கரையான் மருந்து அடிக்க மறக்காதீர்கள்.

வெளிச்சத்துக்கு டிராக்கில் ஓடும் எல்இடி ஸ்பாட் விளக்குகள் வாங்குங்கள். வண்ணத்தை உண்மையாகக் காட்டும் அளவான சிஆர்ஐ 90-க்கு மேல் இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் அளவு 3000 முதல் 4000 வரை இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். செங்குத்துக் கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்வில் விளக்கு விழுந்தால் கண்ணாடியில் எதிரொளியும் இருக்காது, பிரேமின் நிழலும் படத்தின்மேல் நீளாது. நீர்வண்ணம், புகைப்படம், துணி ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (படத்தின்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) போதும். எண்ணெய் வண்ணத்துக்கும் அக்ரிலிக்குக்கும் 200 லக்ஸ் வரை போகலாம். கைபேசிச் செயலி காட்டும் அளவு அவ்வளவு துல்லியம் இல்லை. லக்ஸ் மீட்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள். வெயில் நேராக விழும் ஜன்னலுக்குக் கனத்த காடாத் திரை போடுங்கள்.

5. யாரைக் காட்டுவது

வருஷத்துக்கு 6 கண்காட்சி, ஒவ்வொன்றும் 6 வாரம், நடுவில் இறக்கி ஏற்ற 2 வாரம். மொத்தம் 48 வாரம் ஆயிற்று. மிஞ்சும் 4 வாரத்தை அடைமழைக் காலத்தில் விட்டு, சுவர் வேலைக்கும் சாமான் பராமரிப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்குழுவில் 3 பேர் போதும், ஒருவராவது வெளியூர்க்காரராக இருக்கட்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். குழுவில் இருப்பவர் தன் படத்தையோ தன் மாணவர் படத்தையோ காட்ட விரும்பினால் அந்தக் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே போக வேண்டும். நன்கொடையாளர் தேர்வில் தலையிடக் கூடாது. இதை எழுத்தில் வைத்திருந்தால், "நம்ம பொண்ணு நல்லா வரையும்" என்று பெரிய மனிதர் ஒருவர் வரும்போது முகம் கோணாமல் மறுக்கலாம்.

6 கண்காட்சியில் ஒன்றை ஊருக்காக விட்டுவிடுங்கள். யார் வேண்டுமானாலும் ஒரு படைப்பு கொண்டு வரலாம், தேர்வு கிடையாது. விளம்பரப் பலகை எழுதிய ஓவியர், மண் உருவம் செய்யும் வேளார், கைபேசியில் படமெடுக்கும் கல்லூரிப் பையன் எல்லோரும் ஒரே சுவரில். அந்தக் கண்காட்சிக்கு வருகிற கூட்டம் வேறு எதற்கும் வந்ததில்லை. அப்படி வந்தவர்கள்தான் அடுத்த மாதம், புரியாத படத்தைப் பார்ப்பதற்கும் வருகிறார்கள்.

நிர்வாணம், மதம், சாதி, அரசியல் ஆகியவற்றைத் தொடும் படைப்பு என்றைக்காவது வரும். அது வந்த பிறகு விவாதிக்காமல் முன்கூட்டியே கொள்கையை எழுதுங்கள்: என்ன காரணத்துக்காக ஒன்றை மறுப்போம், யார் முடிவெடுப்பார், புகார் வந்தால் யார் பேசுவார். மாட்டிய பிறகு ஒரு படத்தை அவசரமாக இறக்குவது கலைஞரைக் கைவிடுவது. அதை நாங்கள் செய்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம்.

6. கலைஞரோடு எழுத்தில் ஒப்பந்தம்

தெரிந்தவர்தானே என்று இதைத் தள்ளிப்போடுவார்கள். தெரிந்தவரோடுதான் முதலில் எழுத வேண்டும். இரண்டு பக்கம் போதும்: படைப்புகளின் பட்டியல், தேதிகள், போக்குவரத்துச் செலவு யாருடையது, சேதமானால் என்ன மதிப்பு, காப்பீடு உண்டா, விற்றால் கூடத்துக்கு எவ்வளவு, படத்தைப் புகைப்படம் எடுத்து அழைப்பிதழில் போடலாமா.

படத்தை வாங்கினால்கூடப் பதிப்புரிமை தானாக நம்மிடம் வந்துவிடாது. எழுதிக் கொடுத்தால் தவிர அது கலைஞரிடமே இருக்கும், அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை வாரிசுகளிடம் இருக்கும். அதற்கும் மேலே, பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 57-ஆம் பிரிவு படைப்பாளியின் தார்மிக உரிமையைப் பாதுகாக்கிறது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த மிகப் பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் புதுப்பிப்பு வேலையின்போது பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சமிருந்த பாகங்களை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. சிற்பத்தின் சொந்தக்காரர் அரசு, ஆனாலும் அதைச் சிதைக்க உரிமையில்லை. உங்கள் வெளிச்சுவரில் யாரையாவது சுவரோவியம் வரையச் சொன்னால் அது எத்தனை வருஷம் இருக்கும், வெள்ளையடிக்கும் முன் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கலைஞருக்கு ஒரு தொகை கொடுங்கள். சின்னத் தொகையாக இருந்தாலும் சரி. தச்சருக்குக் கூலி, எலக்ட்ரீஷியனுக்குக் கூலி, டீக்குக் காசு, வரைந்தவருக்கு மட்டும் "வாய்ப்பு" என்பது நியாயமில்லை.

7. படைப்பு வந்து இறங்கும் நாள்

பிரித்தவுடன், மாட்டுவதற்கு முன், ஒவ்வொரு படைப்பையும் முன்பக்கம், பின்பக்கம், நாலு மூலை என்று புகைப்படம் எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறல், விரிசல், கறை எல்லாவற்றையும் தாளில் எழுதி, கலைஞரோ அவர் ஆளோ கையெழுத்திடட்டும். திருப்பி அனுப்பும்போதும் இதையே செய்தால் எந்தச் சண்டையும் வராது.

பபிள் ராப்பை அக்ரிலிக் ஓவியத்தின்மேல் நேராகச் சுற்றாதீர்கள். நம் வெயிலில் அக்ரிலிக் இளகும், குமிழ்கள் புள்ளிபுள்ளியாகப் பதிந்துவிடும். ஒரு முறை பதிந்தால் போகாது. முதலில் கிளாசின் தாள் (வழவழப்பான மெல்லிய தாள்), அதன்மேல் பபிள் ராப், குமிழ் வெளிப்பக்கம் பார்க்க. வண்டியில் படங்களைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, நடுவில் அட்டை கொடுத்து ஏற்றுங்கள்.

8. மாட்டுவது

படங்களை முதலில் தரையில், அந்தந்தச் சுவருக்குக் கீழே சாய்த்து வைத்து ஒருநாள் விடுங்கள். காலையிலும் மாலையிலும் பார்த்து இடம் மாற்றுங்கள். எந்தப் படம் வாசலிலிருந்தே தெரிய வேண்டும், எதைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் புலப்படும். இந்த வேலையில் கலைஞர் கூட இருப்பது நல்லது, ஆனால் கடைசி முடிவு ஒருவருடையதாக இருக்கட்டும்.

உயரத்துக்கு உலகம் முழுக்கப் புழங்கும் கணக்கு: படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலம், ஏறத்தாழ 145 சென்டிமீட்டர். பிரேமின் உயரம் 30 அங்குலம் என்று வையுங்கள். அதில் பாதி 15. பின்னால் உள்ள கம்பியை இழுத்துப் பிடித்தால் அது மேல் விளிம்பிலிருந்து 3 அங்குலம் கீழே நிற்கிறது. அப்படியானால் ஆணி 57 கூட்டல் 15 கழித்தல் 3, அதாவது 69 அங்குல உயரத்தில். ஒவ்வொரு படத்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு ரசமட்டத்தை வைத்துச் சரிபாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வரும் கண்காட்சி என்றால் நாங்கள் 54 அங்குலத்துக்கு இறக்கிவிடுகிறோம்.

பிரேமின் பின்புறம் நாலு மூலையிலும் சின்ன ரப்பர் அல்லது கார்க் துண்டு ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். இராமபாணப் பூச்சியும் கரையானும் படத்தின் பின்னால்தான் குடியேறும் என்பதால் வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

9. பெயர்ச்சீட்டு

கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, எதில் எதைக் கொண்டு செய்தது, அளவு. எல்லாம் தமிழில், எட்ட நின்றாலும் படிக்கிற எழுத்தில். "கலப்பு ஊடகம்" என்று எழுதி நிறுத்தாதீர்கள். "கித்தான்மேல் அக்ரிலிக், சாணம், பழைய சேலைத் துணி" என்று எழுதினால் அதைப் படித்துவிட்டு மறுபடியும் படத்துக்குத் திரும்புவார்கள். சுவர்க் குறிப்பு 120 சொல்லைத் தாண்ட வேண்டாம். அதை உங்கள் வீட்டில் கலையில் ஆர்வமில்லாத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் எங்கே நிறுத்தி "என்ன?" என்று கேட்கிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள்.

10. வருகிறவர்களோடு

"இது என்னங்க?" என்பதுதான் அதிகம் வரும் கேள்வி. அதற்கு விளக்கம் சொல்லத் தொடங்கினால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பொறுப்பில் இருந்த பிலிப் யெனவைனும், உளவியலாளர் அபிகேல் ஹவுசனும் இதற்கு ஒரு முறையை உருவாக்கினார்கள். மூன்றே கேள்வி. இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? இன்னும் என்ன தெரிகிறது? எங்கள் ஆசிரியை இதைத் தன் பாணியில் செய்வார். ஒருநாள், முழுக்கச் சாம்பல் நிறமாக இருந்த அரூப ஓவியம் ஒன்றின் முன்னால் நின்ற விவசாயி, "தண்ணி வராத வருஷம் வயல் இப்படித்தான் வெடிக்கும்" என்று சொல்லி, எந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்கிறார் என்று விரலால் காட்டினார். ஓவியர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் மனத்தில் இருந்தது வயல் இல்லை. ஆனால் இருவரும் அந்தக் கோட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். நாங்கள் இவ்வளவு சிரமப்பட்டது அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

பள்ளிகளை ஒரே நேரத்தில் 25 பிள்ளைகளுக்கு மேல் அழைக்க வேண்டாம். ஒரு படத்தின் முன்னால் பத்து நிமிடம், மொத்தம் மூன்று படம், பிறகு தரையில் உட்கார்ந்து வரையட்டும். ஓடிப்போய் எல்லாவற்றையும் பார்த்தால் எதுவும் நிற்காது. அந்தப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை அம்மாவையோ தாத்தாவையோ இழுத்துக்கொண்டு வந்தால் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, இரண்டாம் தடவை வந்தவர் எத்தனை பேர் என்பதைத்தான் நாங்கள் எண்ணுகிறோம்.

11. பணம்

திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் பணம் இரண்டாம் வருஷ மின்கட்டணத்துக்குக் கிடைக்காது. ஆகவே வாடகை, சம்பளம், மின்சாரம், காப்பீடு என்ற மாதச் செலவைக் கூட்டி 12-ஆல் பெருக்கி, அந்தத் தொகை வங்கியில் சேர்ந்த பிறகு கதவைத் திறங்கள். பெரிய நன்கொடை ஒன்றைவிட, மாதம் 200 ரூபாய் தரும் நூறு பேர் உறுதியான பலம். அவர்கள் கேட்டுக் கேட்டு வருவார்கள்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் கலை, பண்பாட்டுக்கும் இடம் உண்டு, கம்பெனிகள் சட்டம் 2013-இன் ஏழாவது அட்டவணை அதைச் சொல்கிறது. ஆனால் அதைப் பெற மேலே சொன்ன இரண்டு வருமான வரிப் பதிவுகளோடு குறைந்தது 3 ஆண்டு செயல்பட்ட வரலாறும் கேட்பார்கள். முதல் மூன்று வருஷத்துக்கு அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சென்னையின் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை இங்கே நினைத்துக்கொள்வேன். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று, சென்னைக் கலைப் பள்ளியைச் சேர்ந்த ஓவியர்களும் சிற்பிகளும் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கிக் குடியேறினார்கள். படம் விற்று வாழ முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். பாத்திக் துணியும் (மெழுகு பூசிச் சாயமேற்றியது) கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் அந்தக் கிராமத்தைத் தூக்கி நிறுத்தினார்கள், கலையை அதற்காக விட்டுக்கொடுக்கவில்லை. இன்று அங்கே மெட்ராஸ் கலை இயக்கத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நாங்களும் வாசல் பக்கம் ஒரு மேசை போட்டு, கலைஞர்கள் செய்த அஞ்சலட்டை, நாட்காட்டி, சுட்ட மண் கிண்ணம் விற்கிறோம். மின்கட்டணம் அதிலிருந்து போய்விடுகிறது. ஒருமுறையாவது குழுவாகச் சோழமண்டலம் போய் ஒருநாள் முழுக்க இருந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

12. இறக்குவது

கடைசி நாள் மாலை சுவரை, படங்கள் இருக்கும்போதே, முழுக்கப் புகைப்படம் எடுங்கள். அழைப்பிதழ், பெயர்ச்சீட்டுகள், பார்வையாளர் நோட்டு, செய்தித்தாள் துணுக்கு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் கட்டி, ஆண்டும் எண்ணும் எழுதி அலமாரியில் வையுங்கள். கணினியில் ஒரு நகல், வேறொருவர் வீட்டில் இன்னொரு நகல். இந்தப் பகுதியில் யார் என்ன வரைந்தார்கள் என்று பின்னால் தேடுகிறவருக்கு வேறு எங்கும் இது கிடைக்காது.

மறுநாள் ஒவ்வொரு படத்தையும் பழைய படிவத்தோடு ஒப்பிட்டு, கட்டி, கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். விற்ற படத்துக்கான பணம் அதே வாரத்தில் கலைஞர் கணக்குக்குப் போக வேண்டும். பிறகு ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளுக்குப் புட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு கை வெள்ளை அடியுங்கள். வாசலில் அடுத்த கண்காட்சியின் தேதியை எழுதிவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.